எங்க கபடிக் குழுவுக்கு ஒரு வெப்சைட் தேவையா?

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்த இன்ஜினியரிங் மாணவர்கள்ல பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பீங்க: "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானப்பா படிக்கிற? நம்ம டீமுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்." நீங்க படிக்கிறது சிவிலா, மெக்கானிக்கலாங்கிறதெல்லாம் ஊர்ல யாருக்கும் கணக்கு இல்ல. லேப்டாப் வச்சிருக்கீங்க, அது போதும்.

என்னையும் கேட்டாங்க. எங்க ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கு. கரிசல் காடு. சீமைக்கருவேலத்தை ஜேசிபி வச்சுப் பிடுங்கி, மண்ணைச் சலிச்சுப் போட்டு, தண்ணி தெளிச்சு அமுக்கி உருவாக்குன ஆடுகளம் ஒண்ணு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அங்க மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். பந்தல்குடி, நரிக்குடி, காரியாபட்டின்னு சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்தெல்லாம் டீம் வரும்.

கேப்டன் அண்ணன் கேட்டதும் கெத்தா, "ஒரு மணி நேர வேலைண்ணே"ன்னு சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன். வெப்சைட் போடுறது ஒரு மணி நேர வேலைதான். அது வேணுமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குத்தான் ரொம்ப நாள் ஆச்சு. அந்த யோசனையைத்தான் இங்க எழுதுறேன். அடுத்த லீவுல உங்களைக் கேக்குறப்போ பயன்படும்.

கோப்பை யாருக்கு?

முதல்ல, எங்களுக்கு ஏன் திடீர்னு வெப்சைட் ஆசை வந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

எங்க போட்டியில முதல் பரிசுப் பணத்தோட ஒரு சுழற்கோப்பையும் உண்டு. ஜெயிச்ச டீம் ஒரு வருஷம் வச்சிருந்துட்டு அடுத்த வருஷம் திருப்பிக் கொண்டு வரணும். தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்சா கோப்பை நிரந்தரமா அவங்களுக்கே. நோட்டீஸ்லயே அடிச்சிருப்போம்.

இந்தப் பொங்கலுக்குப் பக்கத்து ஊர் டீம் ஒண்ணு வந்து பந்தலுக்கு முன்னாடி நின்னுச்சு. "கொரோனாவுக்கு முன்னாடி நாங்க தொடர்ந்து மூணு வருஷம் அடிச்சோம். அப்புறம் போட்டியே நடக்கல, விஷயம் அப்படியே அமுங்கிப் போச்சு. கோப்பையை எங்ககிட்ட குடுத்திருங்க"ன்னாங்க. எங்க ஆளுங்க, "முதல் வருஷமும் மூணாவது வருஷமும் நீங்கதான், ஒத்துக்கிறோம். நடு வருஷம் ஃபைனல்ல நீங்க தோத்தீங்க"ன்னு சொன்னாங்க. நடு வருஷத்துல மழை வந்து, ஃபைனலை மறுநாள் மத்தியானம் நடத்தினதால பார்த்தவங்களும் கம்மி.

ஆதாரம் எங்க? எங்க குழுவுக்கு ஒரு சமூக வலைதளத்துல பக்கம் இருந்துச்சு. வருஷா வருஷம் ரிசல்ட், போட்டோ, நன்கொடை கொடுத்தவங்க பேரு எல்லாம் அதுல போட்டிருந்தோம். ஆனா அந்தப் பக்கத்தை ஆரம்பிச்ச அண்ணன் வேலைக்கு வெளிநாடு போயிட்டாரு. நம்பர் மாறிப் போச்சு, பாஸ்வேர்டு மறந்து போச்சு. கொஞ்ச நாள்ல யாரோ அந்தக் கணக்குக்குள்ள புகுந்து, பக்கத்தோட பேரையே மாத்தி ஏதோ பொருள் விக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒன்பது வருஷப் போட்டோவும் ரிசல்ட்டும் போயே போச்சு.

பேச்சு முத்தி, ரெண்டு ஊர்ப் பசங்களும் சட்டைக் கையை மடக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்போதான் ஓய்வு பெற்ற பி.டி. சார் ஒருத்தர், எங்க போட்டிக்கு ரொம்ப வருஷமா நடுவரா இருந்தவர், "அடேய், சும்மா இருங்கடா"ன்னு அதட்டிட்டு வீட்டுக்குப் போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. உள்ள ஸ்கோர்ஷீட் எல்லாம் வருஷ வாரியா நூல் போட்டுக் கட்டி இருந்துச்சு.

நடு வருஷ ஃபைனல்: 31–29. ஜெயிச்சது அவங்கதான்.

அதே போட்டியில 65 கிலோ எடைப் பிரிவுல அவங்க ஊர் ஜூனியர் டீம் தோத்திருந்துச்சு. எங்க அண்ணன்மாருங்க மனசுல அந்த மேட்சுதான் தங்கிருச்சு. யாரும் பொய் சொல்லல. ஞாபகம்தான் பொய் சொல்லிருச்சு. கோப்பையைக் கையில குடுத்து அனுப்பி வச்சோம்.

அன்னைக்கு ராத்திரியே கேப்டன் அண்ணன் என்கிட்ட வெப்சைட் கேட்டாரு. ஆனா நல்லா கவனிச்சுப் பாருங்க. அன்னைக்கு எங்களைக் காப்பாத்துனது வெப்சைட் இல்ல, ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியில இருந்த எந்தக் குணம் எங்க இணையப் பக்கத்துல இல்லாமப் போச்சுங்கிறதுதான் உண்மையான கேள்வி.

ஓடையும் கண்மாயும்

ஒரு விளையாட்டுக் குழுவுக்கு இணையத்துல மூணு வேலை இருக்கு. மூணையும் ஒண்ணாக் குழப்பிக்கிறதாலதான் முடிவு எடுக்க முடியாமப் போகுது.

முதல் வேலை, சேதி சொல்றது. "நாளைக்கு ஆறு மணிக்கு பிராக்டிஸ்", "லாட் போட்டாச்சு, நம்ம மேட்ச் ரெண்டாவது". இதுக்கு வாட்ஸ்அப் குரூப்பை அடிச்சுக்க ஆளே இல்ல. வெப்சைட்டுல போட்டா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. இதுக்காக வெப்சைட் கேட்டா, வேண்டாம்னு சொல்லிடுங்க.

ரெண்டாவது வேலை, பதிவு வைக்கிறது. யார் எப்போ ஜெயிச்சாங்க, யார் ஆடினாங்க, எவ்வளவு வசூலாச்சு, எதுக்குச் செலவாச்சு.

மூணாவது வேலை, முகவரி. நம்மளைத் தெரியாத ஒருத்தர், ஒரு ஸ்பான்சரோ, வெளி மாவட்ட டீமோ, தேடினா நாம கிடைக்கணும்.

நம்ம பக்கத்துல மழை பெஞ்சா ஓடையில தண்ணி வேகமா ஓடும், ஒரு மணி நேரத்துல வத்திரும். கண்மாய்ல நின்ன தண்ணிதான் அடுத்த ஆறு மாசத்துக்கு. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஓடை. வேகம் நல்லாருக்கும். ஆனா போன வருஷம் ஓடுன தண்ணியை இன்னைக்கு மொள்ள முடியாது. ரெண்டாவது வேலைக்கும் மூணாவது வேலைக்கும் கண்மாய் வேணும். வெப்சைட் கண்மாயா இருக்க முடியும். ஆனா கண்மாய்னா தூர் வாரணும், மடையைப் பார்த்துக்கணும். அந்த ஆள் யாருங்கிறது அடுத்த கேள்வி.

அடுத்தவங்க இடத்துல குடியிருந்தா

"ஃபேஸ்புக் பக்கம் இருக்கே, அதுவே கண்மாய்தானே?"ன்னு கேப்பீங்க. இலவசம், எல்லாருக்கும் தெரியும், போட்டோ ஏத்துறது சுலபம். நியாயமான வாதம். ஆனா இதையும் பாருங்க.

ஜியோசிட்டீஸ்னு ஒண்ணு இருந்துச்சு. 90-கள்ல உலகம் முழுக்க ரசிகர்களும் குழுக்களும் இலவசமா பக்கம் போட்ட இடம். 2009-ல் யாஹூ அதை மூடிருச்சு. நம்ம அண்ணன்மாருங்க கல்லூரிக் காலத்துல கொண்டாடுன ஆர்குட் 2014 செப்டம்பர்ல மூடுச்சு. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு. டிக்டாக்கை 2020 ஜூன்ல இந்திய அரசு தடை பண்ணிச்சு. அதுல மட்டும் வீடியோ வச்சிருந்தவங்க கதி அவ்வளவுதான்.

2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? ரவுட்டர் அமைப்பில பண்ணின ஒரு மாற்றம் தப்பாப் போய், அவங்க நெட்வொர்க்குக்கு வழி காட்டுற தகவலே இணையத்துல இருந்து மறைஞ்சு போச்சு. கட்டடம் அங்கேயே இருக்கு, போற வழிதான் யாருக்கும் தெரியல. மூணு சேவையும் ஒரே கம்பெனி கையில இருந்ததால மூணும் ஒண்ணாவே போச்சு.

இதுல யாரையும் குறை சொல்ல ஒண்ணுமில்ல. அது அவங்க இடம். இலவசமாக் குடியிருக்கிறவருக்கு நோட்டீஸ் கொடுக்கிற உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. எங்க விஷயத்துல கம்பெனி எதையும் மூடல. சாவி ஒரே ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, அதுதான் பிரச்சினை. இதை மனசுல வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும்.

சொந்த இடத்துல குடியிருந்தா

அப்போ சொந்த வெப்சைட்தான் தீர்வா? அவசரப்படாதீங்க. முதல்ல "சொந்தம்"ங்கிற வார்த்தையைப் பிரிச்சுப் பார்ப்போம். ஒரு வெப்சைட்டுக்கு மூணு பகுதி உண்டு.

ஒண்ணு, டொமைன். அதாவது முகவரி. இதை "வாங்குறோம்"னு பேச்சுக்குச் சொல்றோம், உண்மையில குத்தகைதான். ஒரு வருஷத்துக்கோ, ஒரே தடவையில அதிகபட்சம் பத்து வருஷத்துக்கோ பதிவு பண்ணிக்கலாம். புதுப்பிக்காம விட்டா, கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்துட்டு யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு திறந்து விட்டுருவாங்க. டாட் இன் முகவரிகளோட பதிவேட்டை நிக்சிங்கிற இந்திய அமைப்பு நடத்துது. தமிழ்லயே "டாட் இந்தியா"ன்னு முடியிற முகவரியும் உண்டு.

ரெண்டு, ஹோஸ்டிங். நம்ம ஃபைல்கள் இருக்கிற கம்ப்யூட்டர், அதாவது வாடகைக் கட்டடம்.

மூணு, உள்ளடக்கம். ரிசல்ட், போட்டோ, கணக்கு.

இந்த மூணுல எது உண்மையிலேயே உங்களோடது? உள்ளடக்கம் மட்டும்தான், அதுவும் உங்க கையில நகல் இருந்தா. டொமைன் குத்தகை, ஹோஸ்டிங் வாடகை. ஆனா ஒரு நன்மை இருக்கு. டொமைன் உங்க பேர்ல இருந்தா, கட்டடத்தை எத்தனை தடவை மாத்தினாலும் முகவரி மாறாது. ஒரு ஹோஸ்டிங் கம்பெனி மூடினா ஃபைல்களை இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போய், டிஎன்எஸ் அமைப்பில ஒரு வரியை மாத்தினாப் போதும். வர்றவங்களுக்கு எதுவுமே தெரியாது. சமூக வலைதளப் பக்கத்துல இதைப் பண்ண முடியாது. தனித் தளத்தோட முக்கியமான லாபமே இதுதான்.

சொந்தத் தளமும் சாகும். எப்படின்னு சொல்றேன்.

புதுப்பிக்க மறக்குறது முதல் காரணம். "முதல் வருஷம் 99 ரூபாய்"னு விளம்பரம் பார்த்துட்டு எடுப்பாங்க. அடுத்த வருஷப் புதுப்பிப்பு அதைவிடப் பல மடங்கு இருக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடியே புதுப்பிப்பு விலையைப் பார்த்துருங்க.

ஓசி டொமைன் அடுத்த காரணம். டாட் டிகே, டாட் ஜிஏ மாதிரி முகவரிகளை ஃப்ரீனாம்னு ஒரு நிறுவனம் பல வருஷம் இலவசமாக் கொடுத்துச்சு. நம்ம சீனியர்ங்க பல பேரோட முதல் புராஜெக்ட் அதுலதான் இருந்திருக்கும். 2023-ல் புதுப் பதிவு நின்னுச்சு. அதே வருஷம் காபோன் நாடு தன்னோட டாட் ஜிஏ-வைத் திரும்ப எடுத்துக்கிட்டப்போ ஏராளமான முகவரிகள் செயலிழந்து போச்சு.

மூணாவது, பராமரிப்பு. வேர்ட்பிரஸ் போட்டுக் கொடுத்துட்டுப் போயிருவோம். அதுக்கும் பிளக்இன்களுக்கும் அப்டேட் போட்டுக்கிட்டே இருக்கணும். போடலைன்னா பழைய ஓட்டை வழியா எவனாவது உள்ள வருவான். ஒருநாள் தளத்தைத் திறந்தா கபடி ரிசல்ட் இருக்க வேண்டிய இடத்துல சூதாட்ட விளம்பரம் இருக்கும்.

நாலாவதுதான் பெரிய காரணம். நீங்க. ஆமா, நீங்களேதான். இப்போ மூணாவது வருஷம், அடுத்து பிளேஸ்மென்ட், அப்புறம் சென்னையோ பெங்களூரோ. ராத்திரி பத்து மணிக்கு ரிசல்ட் போடணும்னு ஊர்ல இருந்து போன் வரும்போது நீங்க ஷிஃப்ட்ல இருப்பீங்க. வெளிநாடு போன எங்க அண்ணனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் போனப்போ பாஸ்வேர்டும் சேர்ந்து போச்சு. நீங்க போனா பாஸ்வேர்டோட சேர்ந்து, அதை இயக்கத் தெரிஞ்ச மூளையும் போயிரும்.

முன்னாடி பண்ணவங்க எப்படிப் பண்ணாங்க?

நமக்கு முன்னாடி மாணவர்களும் ரசிகர்களும் இதைச் செஞ்சிருக்காங்க. மூணு உதாரணம் பார்ப்போம்.

கிரிக்இன்ஃபோவை எல்லாருக்கும் தெரியும். அது தொடங்குனது ஒரு கம்பெனியால இல்ல. 1993-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியாளரா இருந்த சைமன் கிங்கிற பிரிட்டிஷ்காரர் தொடங்கினாரு. வெளிநாட்டுல படிச்சுக்கிட்டு ஸ்கோர் தெரியாமத் தவிச்ச மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கட்டினாங்க. ஆரம்பத்துல வளர்த்தவங்கள்ல ஒருத்தர் நம்ம பத்ரி சேஷாத்ரி. சென்னை ஐஐடியில மெக்கானிக்கல் படிச்சுட்டு அப்போ கார்னெல்ல ஆராய்ச்சி மாணவரா இருந்தாரு. பின்னாடி கிழக்கு பதிப்பகம் தொடங்கினதும் அவர்தான். பிரௌசர்ங்கிறதே பலருக்குத் தெரியாத காலம், எல்லாமே வெறும் எழுத்து. ஒருத்தர் தூங்குறப்போ வேற நாட்டுல இன்னொருத்தர் ஸ்கோர் அடிச்சாரு. வேலையைப் பல கை பகிர்ந்துக்கிட்டதாலதான் அது ஓடுச்சு. பெருசானதும் பணம் தேவைப்பட்டுச்சு. 2003-ல் விஸ்டன் குழுமத்துக்கும், 2007-ல் ஈஎஸ்பிஎன்னுக்கும் போச்சு.

ரெண்டாவது, ஆர்எஸ்எஸ்எஸ்எஃப். கால்பந்துப் புள்ளிவிவரத்துக்காக 1994 ஜனவரியில மூணு பேர் சேர்ந்து தொடங்கின தன்னார்வ அமைப்பு. உலகத்துல எந்த மூலையில நடந்த லீகோட ரிசல்ட்டும் அதுல இருக்கும், நம்ம சந்தோஷ் டிராபி உட்பட. தளத்தைத் திறந்து பாருங்க. அழகுன்னு எதுவும் இருக்காது. பெரும்பாலும் நோட்பேடுல அடிச்ச மாதிரி வெறும் எழுத்து. ஆனா முப்பது வருஷம் தாண்டியும் எந்த மொபைல்லயும் திறக்குது. அதே காலத்துல ஃபிளாஷ் அனிமேஷன் வச்சுப் பளபளன்னு கட்டின தளங்கள், அடோபி 2020 கடைசியில ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தினதோட செத்துப் போச்சு. எளிமையா இருக்கிறதுக்கு ஆயுசு கெட்டி.

மூணாவது, இங்கிலாந்து. பிரீமியர் லீகுக்குக் கீழ இருக்கிற கால்பந்து லீக்ல பல கிளப்புகளோட தளங்களை லீக்கே ஒரே அச்சுல, பொதுவா நடத்திச்சு. சின்ன கிளப்புகளுக்கு அதுல லாபம். தனியா ஆள் வச்சுக்க வேண்டாம். சில பெரிய கிளப்புகள், எங்களுக்கு எங்க வடிவம் வேணும், எங்க விளம்பர வருமானம் எங்களுக்கே வேணும்னு தனியா விலகிப் போச்சு. யார் பண்ணது சரி? ரெண்டுமே சரி. ஆளும் பணமும் இருந்தா தனியாப் போகலாம். இல்லைன்னா பங்கு போட்டுக்கலாம். நம்ம ஊர்க் குழுக்களுக்கு இந்த ரெண்டாவது வழி பொருந்தும்ணு எனக்குத் தோணுது. ஒரு ஊருக்கு ஒரு தளம்னு கட்டி எல்லாம் தூர்ந்து போறதைவிட, ஏழெட்டு ஊர் சேர்ந்து ஒரே தளம், ஊருக்கு ஒரு பக்கம்.

செலவு எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்த்தா பயப்பட ஒண்ணுமில்ல. டாட் இன் முகவரி புதுப்பிக்க வருஷத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். போட்டிக்கு அடிக்கிற ஃபிளெக்ஸ்ல ஒண்ணைக் குறைச்சாப் போதும்.

ஹோஸ்டிங்குக்குக் காசே வேண்டாம். நம்ம தேவைக்கு டேட்டாபேஸ், லாகின் எதுவும் கிடையாது. வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் போதும். கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடங்கள்ல இலவசமா வைக்கலாம். அங்க ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரைக்கும்னு வரம்பு. மொபைல் போட்டோ ஒண்ணு 4 எம்பின்னா 250 போட்டோவுல நிரம்பிரும். அதையே 200 கேபிக்குச் சுருக்கினா 5,000 போட்டோ. வருஷத்துக்கு 100 போட்டோ போட்டாலும் அம்பது வருஷம் ஓடும். வெறும் ஹெச்டிஎம்எல்ங்கிறதால ஹேக் பண்றதுக்கும் உள்ள பெருசா எதுவும் இல்ல. கணக்கோட பாஸ்வேர்டை மட்டும் பத்திரமா வச்சுக்கணும்.

இன்னொரு இலவசக் காப்பீடும் இருக்கு. இன்டர்நெட் ஆர்கைவ்னு 1996-ல் தொடங்கின லாப நோக்கில்லாத அமைப்பு, பொதுவில திறந்திருக்கிற வலைப்பக்கங்களை நகல் எடுத்துச் சேமிக்குது. அதோட வேபேக் மெஷின்ல நம்ம பக்கத்தோட முகவரியைக் கொடுத்தா நாமளே சேமிச்சுக்கலாம். லாகின் கேக்குற சமூக வலைதளப் பக்கங்களை அது சரியா எடுக்க முடியாது. தனித் தளத்துக்கு இது ஒரு கூடுதல் பலம்.

எதைப் போடக் கூடாது?

வயசுப் பிரிவு போட்டிகளுக்குப் பசங்க ஆதார் நகல், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் குரூப்லயே அனுப்பிருவாங்க. அதெல்லாம் தளத்துப் பக்கமே வரக் கூடாது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களைக் குழந்தைன்னு சொல்லுது. அவங்க தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேணும்னு சொல்லுது. சட்டத்தை விடுங்க, நம்ம வீட்டுத் தங்கச்சி ஆடுற வாலிபால் டீமோட போட்டோவும் போன் நம்பரும் ஊரறியக் கிடந்தா நாம ஒத்துக்குவோமா? சின்னப் பசங்களுக்கு டீம் பேரும் ஸ்கோரும் மட்டும் போதும்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் பசங்ககிட்ட இருக்கு. "வெப்சைட்ல நம்ம பேர் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு உதவும்ல?" உதவாது. தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கு, அரசு வேலையில 3 சதவீதம் இருக்கு. ரெண்டுக்குமே அங்கீகரிக்கப்பட்ட போட்டியில ஆடி வாங்கின சான்றிதழ்தான் கணக்கு. நம்ம தளத்துல என்ன எழுதினாலும் அது சான்றிதழ் ஆகாது. இதை முன்னாடியே பசங்ககிட்டத் தெளிவாச் சொல்லிருங்க. பொய் நம்பிக்கை கொடுக்குறது பாவம்.

அஞ்சு கேள்வி

உங்க ஊர் அண்ணன் கேட்டதும் தலையாட்டாம, உட்கார வச்சு இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க.

1. அஞ்சு வருஷம் கழிச்சும் யாருக்காவது தேவைப்படுற மாதிரி நம்மகிட்ட என்ன இருக்கு? "ஹீரோ மாதிரி நிக்கிற போட்டோ" மட்டும்தான்னா இன்ஸ்டாகிராம் போதும்.

2. சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கும்? குறைஞ்சது மூணு பேர். அதுல ஒருத்தராவது ஊரை விட்டுப் போகாதவரா இருக்கணும்.

3. புதுப்பிக்கிற பணம் போட்டிச் செலவுக் கணக்குல ஒரு வரியா இருக்குமா, இல்ல யாராவது ஒருத்தர் பாக்கெட்ல இருந்து வருமா? பாக்கெட்ல இருந்துன்னா ரெண்டாவது வருஷம் நின்னுரும்.

4. போட்டி முடிஞ்ச ராத்திரி ஸ்கோரை யார் எழுதுவாங்க? இதுக்குப் பதில் இல்லைன்னா மத்த நாலுக்கும் அர்த்தமே இல்ல.

5. தோத்ததையும் போடுவோமா? ஜெயிச்சதை மட்டும் போட்டா அது விளம்பரம். எங்க கோப்பைத் தகராறுல ஸ்கோர்ஷீட்டை ரெண்டு ஊரும் நம்பினதுக்குக் காரணம், அது எங்களுக்கு எதிராவும் பேசுச்சு.

அஞ்சுக்கும் பதில் இருந்தா தைரியமா டொமைன் எடுங்க. மூணு நாலுதான் இருக்குன்னா இலவச முகவரியில ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்க. அதுக்கும் கம்மின்னா ஒரு நல்ல ரிஜிஸ்டர் நோட்டும் தகரப் பெட்டியும் வாங்கிக் கொடுங்க. கேலிக்குச் சொல்லல. அதுவும் பதிவுதான், எங்களைக் காப்பாத்தின பதிவு.

நாங்க என்ன முடிவு பண்ணோம்?

எங்களுக்கு ரெண்டாவது கேள்வியிலயும் நாலாவது கேள்வியிலயும் இடிச்சுச்சு. அதனால வேலையைத் தலைகீழா ஆரம்பிச்சோம்.

முதல்ல பி.டி. சாரோட பெட்டியைத் திறந்து எல்லா ஸ்கோர்ஷீட்டையும் போட்டோ எடுத்தோம். மூணு நாள் ஆச்சு. சில தாள்ல கரையான் ஏறிருந்துச்சு. காகிதத்துக்கும் எதிரி உண்டுன்னு அப்போதான் உறைச்சுச்சு. நகல் மூணு இடத்துல இருக்கு: ஒரு பென்டிரைவ், ஒரு கிளவுட் கணக்கு, என் லேப்டாப்.

அடுத்து, குழு பேர்லயே ஒரு மெயில் கணக்கு. தனி ஆள் பேர்ல எதுவும் கிடையாது. மீட்பு நம்பரா ஊர்லயே கடை வச்சிருக்கிற பொருளாளர் அண்ணனோட நம்பர். பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி கவர்ல போட்டு ஒட்டி, குழுவோட கணக்கு நோட்டுக்குள்ள வச்சாச்சு. செக்யூரிட்டி பாடம் எடுக்கிறவங்க முகம் சுளிக்கலாம். ஆனா எங்க குழுவுக்கு வெளியில இருந்து வர்ற திருடனைவிட உள்ளே இருக்கிற மறதிதான் பெரிய எதிரி.

இப்போ இலவச முகவரியில ஒரு எளிய தளம் ஓடுது. வருஷம், பிரிவு, ஃபைனல் ஸ்கோர், வரவு செலவு, அவ்வளவுதான். பிளஸ் ஒன் படிக்கிற தம்பி ஒருத்தனுக்கு அதுல ஒரு வரி சேர்க்குறது எப்படின்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். அடுத்த பொங்கல் போட்டி ரிசல்ட்டை நான் கை வைக்காம அவன் ஏத்தினா டொமைன் எடுக்கிறோம். ஏத்தலைன்னா ஆயிரம் ரூபாய் மிச்சம். அந்தக் காசுக்கு லைட்டு வாங்கிக்கலாம்.

கோப்பையைக் கொண்டு போன பக்கத்து ஊர் கேப்டன் அண்ணன் போன வாரம் போன் பண்ணாரு. "தம்பி, எங்க ஊர்ப் போட்டி ரிசல்ட்டையும் அதுலயே போடலாமா?"ன்னு கேட்டாரு. "தாராளமாப் போடலாம்ணே. உங்க ஸ்கோர்ஷீட் இருந்தா எடுத்து வைங்க"ன்னேன். "எங்ககிட்ட ஏதுப்பா ஸ்கோர்ஷீட்? உங்க சார்கிட்டதான் கேக்கணும், எங்க போட்டிக்கும் அவர்தானே நடுவர்"ன்னாரு.

அந்தப் பெட்டியில இன்னும் ஒரு கட்டு பிரிக்காம இருக்கு. அடுத்த லீவுக்கு வேலை ரெடி. உங்க ஊர்லயும் இப்படி ஒரு பி.டி. சார் கண்டிப்பா இருப்பாரு. வெப்சைட் அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல அவர் வீட்டுக்குப் போய் பெட்டியைத் திறந்து பாருங்க.